ஜப்பானிய-பிரெஞ்சு உயர்தர உணவகத்தில் முதன்முறையாகச் சாப்பிடப் போகிறவர் அறிந்திருக்க வேண்டியவை

ஒரு சிறப்பு நாளுக்காக, ஜப்பானிய முறையையும் பிரெஞ்சு முறையையும் இணைத்துச் சமைக்கும் உயர்தர உணவகம் ஒன்றுக்குப் போக எண்ணியிருப்பதாகவும், இரு நாட்டுச் சமையலிலும் உங்களுக்குப் பெரிய பழக்கம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே என்னென்ன வரும், எப்படிச் சாப்பிட வேண்டும், கொடுக்கும் பணத்துக்கு அது தகுமா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தட்டில் வரும் அரிய பொருள்களைக் காட்டிலும் அவற்றோடு ஊற்றப்படும் சாற்றையும் சாஸையும் கவனியுங்கள். இரண்டு சமையல்களும் உண்மையில் ஒன்றுசேர்வதும், சேர முடியாமல் தனித்தனியே நிற்பதும் அங்கேதான் தெரியும்.

இந்த இணைப்பை அண்மைக்கால நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டது. கி.பி. 675-இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்பதற்குத் தடை விதித்தார். அதன் பிறகு ஜப்பானில் இறைச்சி உண்பது முற்றாக மறைந்துவிடவில்லை என்றாலும், பல நூற்றாண்டுகள் அது ஒதுக்கப்பட்ட பழக்கமாகவே இருந்தது. 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியிடப்பட்டதும் அந்த மனநிலை மாறத் தொடங்கியது. மேற்கு நாட்டுத் தூதர்களைச் சமநிலையில் வரவேற்க விரும்பிய அரசவை, தன் விருந்துகளைப் பிரெஞ்சு முறையில் நடத்தலாயிற்று. பிரான்சில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அகியாமா தொகுசோ 1910-களில் அரண்மனைச் சமையலின் தலைமைப் பொறுப்பை ஏற்று, பல பத்தாண்டுகள் அதில் நீடித்தார். ஆகவே, பிரெஞ்சுச் சமையல் ஜப்பானுக்குள் நுழைந்தது கடைத்தெரு வழியாக அல்ல, அரண்மனை வாசல் வழியாக; அங்கே இன்றுவரை அதற்கிருக்கும் மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்த்திசைப் பயணம் பின்னர் தொடங்கியது. செய்தியாளராக இருந்து சமையற்கலை ஆசிரியராக மாறிய ட்சுஜி ஷிசுவோ 1960-இல் ஒசாகாவில் ஒரு சமையல் பள்ளியை நிறுவினார். பிரான்சின் பெருஞ்சமையற்கலைஞர்களோடு நெருங்கிப் பழகிய அவர், 1972-இல் அவர்களில் ஒருவரான போல் பொக்கூஸை ஜப்பானுக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டே, ஆன்ரி கோ, கிறிஸ்தியான் மியோ என்ற இரு உணவு விமர்சகர்கள் பிரான்சில் ‘புதிய சமையல்’ என்ற போக்கின் கொள்கைகளை வெளியிட்டார்கள். மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய கனத்த சாஸ்களை விடுங்கள், சமைக்கும் நேரத்தைக் குறையுங்கள், அன்றைய சந்தையில் கிடைக்கும் பொருளின் இயல்பான சுவையை முன்னிறுத்துங்கள் என்பவை அவற்றின் சாரம். அக்காலப் பிரெஞ்சுத் தட்டுகள் திடீரென்று வெற்றிடத்தையும் சமச்சீரற்ற அடுக்கலையும் சிறிய அளவையும் கைக்கொண்டதில், ஜப்பானில் பிரெஞ்சுச் சமையற்கலைஞர்கள் கண்ட, பல சிறு உணவுகள் வரிசையாக வரும் கைசெகி விருந்துகளுக்குப் பங்குண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பிரெஞ்சுச் சமையற்கலைஞர் ஜோயல் ரொபுஷோன் 2003-இல் டோக்கியோவிலும் பாரிஸிலும் தொடங்கிய அத்தெலியே உணவகங்களில் சமையலறையைச் சுற்றி நீண்ட மேடை அமைத்து, உயர்நாற்காலிகளில் விருந்தினரை அமர்த்தினார். சுஷிக் கடையின் மேடையும் ஸ்பெயின் நாட்டு தாப்பாஸ் கடையின் மேடையும் அதற்கு முன்மாதிரிகள். 2020-இல் பாரிஸில் கெய் கொபயாஷி மிஷெலின் உணவக வழிகாட்டியின் மிக உயர்ந்த தரமான மூன்று நட்சத்திரங்களைப் பெற்றபோது, பிரான்ஸ் மண்ணில் அந்த நிலையை எட்டிய முதல் ஜப்பானியர் ஆனார். இப்படி இரு பக்கமும் போய்வந்து பழகிய பாதையில்தான் நீங்கள் போகவிருக்கும் உணவகமும் நிற்கிறது.

இனி, முதலில் குறிப்பிட்ட சாற்றின் கதைக்கு வருகிறேன். பிரெஞ்சுச் சமையலின் அடித்தளம் எலும்புச் சாறு. கன்றின் எலும்புகளை அடுப்பில் பொன்னிறமாக வறுத்து, வெங்காயம், கேரட், செலரி சேர்த்து, ஆறு முதல் எட்டு மணி நேரமோ அதற்கும் மேலாகவோ மெல்லிய கொதியில் வைத்து, வடிகட்டி, மீண்டும் சுண்டவைப்பார்கள். எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறுவதால் அந்தச் சாறு உதட்டில் ஒட்டும். நாவில் கனமாகத் தங்கும். ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி இதற்கு நேர் எதிரானது. கோம்பு என்னும் உலர்ந்த கடற்பாசியைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு எடுத்துவிட்டு, நீரைச் சூடாக்கி, புகையிட்டு உலர்த்திய சூரை மீனின் மெல்லிய சீவல்களைப் போட்டு, ஒரு நிமிடம்கூடக் கடக்குமுன் வடித்துவிடுவார்கள். கொழுப்பு இல்லை, ஜெலட்டின் இல்லை; தெளிந்த நீரில் மணமும் சுவையும் மட்டுமே இருக்கும். முதல் சாறு நேரத்தைச் செலவழித்துக் கனத்தைப் பெறுகிறது. இரண்டாவது, கோம்புவை ஈராண்டு, மூவாண்டு பதப்படுத்தியும் மீனை மாதக்கணக்கில் உலர்த்தியும் நேரத்தை முன்கூட்டியே செலவழித்துவிட்டு, அடுப்பில் சில நொடிகளில் அதை வெளியே எடுக்கிறது.

இந்தத் தெளிந்த நீரில் இவ்வளவு சுவை எப்படி வந்தது என்பதை 1908-இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் கிகுனாயே இகேதா ஆராய்ந்து, கோம்புவில் உள்ள குளுட்டமேட்டே காரணம் எனக் கண்டு, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா சூரை மீன் சீவலில் இனோசினேட்டைக் கண்டறிந்தார். இவை இரண்டும் சேரும்போது உமாமி வெறும் கூட்டலாக நில்லாமல் பல மடங்காகப் பெருகுகிறது. பிரெஞ்சுச் சமையற்காரர்களும் பெயர் தெரியாமலே இதைத்தான் செய்துவந்தார்கள்: காய்கறியின் குளுட்டமேட்டும் இறைச்சியின் இனோசினேட்டும் ஒரே பானையில் வேகும்போது நிகழ்வதும் அதே பெருக்கம்தான். இரண்டு சமையல்களும் ஒன்றோடொன்று பேச முடிவதற்கு என் பார்வையில் இதுவே அடிப்படைக் காரணம். அழகுணர்ச்சியில் ஒற்றுமை என்பதெல்லாம் அதன் பின்னர் வருவது.

பேச முடியும் என்பதால் பேச்சு எளிது என்று பொருளல்ல. சாஸைச் சுண்டவைப்பது பிரெஞ்சுக் கையின் இயல்பு. தாஷியை அப்படிச் சுண்டவைத்தால் அதன் மென்மணம் ஆவியோடு போய்விட, கசப்பும் மீன்வாடையும் எஞ்சும். சோயா சாஸில் ஏறத்தாழ 16 சதவீதம் உப்பு இருப்பதால், அதைச் சேர்த்த பிறகு சுண்டவைத்த சாஸ் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பேறும். யுசு எலுமிச்சையின் மணம் தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. அது சூட்டில் நில்லாது. துருவிய வசாபிக் கிழங்கின் காரம் சில நிமிடங்களிலேயே குறையத் தொடங்கும். நீரும் ஒரு தடை: ஜப்பானின் நீர் மென்மையானது, பாரிஸின் நீர் சுண்ணாம்பு மிகுந்தது, கடினநீரில் கோம்புவின் சுவை சரிவர இறங்குவதில்லை என்பதால், பாரிஸில் தாஷி வைப்பவர் நீரைத் தேர்ந்தெடுத்தே தொடங்க வேண்டும். தேர்ந்த சமையற்கலைஞர் இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக அறிந்து வேலை செய்கிறார். தாஷியைச் சுண்டவைக்காமல், குளிர்ந்த வெண்ணெயைச் சிறிது சிறிதாக அடித்துச் சேர்த்து அதற்கு உடல் தருவார். அல்லது குட்சு கிழங்கு மாவைக் கரைத்துப் பட்டுப்போன்ற பதம் வரவழைப்பார். கோழிச் சாற்றை இறக்கியபின் அதில் கோம்புத் துண்டை ஊறவிட்டு எடுப்பார். புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவில் வெள்ளை வகையின் இனிப்பை வாத்தின் கொழுத்த ஈரலோடு சேர்ப்பார். யுசுத் தோலைத் தட்டு வெளியேறும் கடைசி நொடியில் துருவுவார். சாஸ் உங்கள் முன்னால் வந்ததும் முதலில் அதைத் தனியாக ஒரு சொட்டு சுவைத்துப் பாருங்கள். சோயாவும் வெண்ணெயும் தனித்தனியாகத் தெரிகின்றனவா, அல்லது எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே சுவையாக இருக்கின்றனவா என்பதைக் கவனித்தால், அந்தச் சமையலறையின் தரம் அப்போதே பாதி விளங்கிவிடும்.

உணவின் வரிசை பெரும்பாலும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இவ்வகை உணவகங்களில் குறைவு. செஃப் தீர்மானிக்கும் எட்டு முதல் பன்னிரண்டு வரையான சிறு உணவுகள், இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். டோக்கியோவில் ஷூசோ கிஷிதா நடத்தும் கேன்தெசான்ஸ் உணவகத்தில் விருந்தினருக்குத் தரப்படும் அட்டையில் எதுவும் எழுதப்பட்டிருக்காது என்பது பெயர்பெற்ற செய்தி. அங்கு அடையாளமாகிவிட்ட உணவு ஆட்டுப்பாலில் செய்த, பவருவா என்னும் மென்மையாக உறைந்த பதார்த்தம். அதன்மேல் உப்பும் ஆலிவ் எண்ணெயும்தான் முதன்மை. அத்தனை சிறிய எண்ணிக்கையில் பொருள்களை வைத்து ஒரு தட்டை நிறைவாக்க முடியும் என்ற துணிவு ஜப்பானியம். பாலைக் கெட்டியாக்கிய நுட்பம் பிரெஞ்சு.

முதலில் கையாலோ ஒரே கவளமாகவோ உண்ணும் சிறு பதார்த்தங்கள் இரண்டு மூன்று வரும். அடுத்துக் குளிர்ந்த உணவு. பெரும்பாலும் பச்சை மீன் அல்லது சிப்பி, புளிப்பான ஒரு சாற்றோடு. அதன் பிறகு காய்கறி முதன்மையான ஒரு தட்டு வரக்கூடும். இதை இடைநிரப்பு என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள், ஏனெனில் இந்த வகைச் சமையலின் உயர்ந்த சாதனைகள் சில காய்கறியில்தான் நிகழ்ந்திருக்கின்றன. ஷினோபு நமாயே 2010-இல் டோக்கியோவில் தொடங்கிய லெஃபெர்வெசான்ஸ் உணவகத்தில், ஒற்றை டர்னிப் கிழங்கை ஏறத்தாழ நான்கு மணி நேரம் மெல்லிய சூட்டில் சமைத்து, வெண்ணெயில் அதன் முகத்தைச் சிவக்கவைத்துத் தருகிறார்கள். அந்த ஒரு கிழங்கே அவ்வுணவகத்தின் முகவரி. கெய் கொபயாஷியின் பெயரை நிலைநிறுத்தியதும் பலவகைப் பச்சைக் காய்கறிகளை ஒரு தோட்டம்போல் அடுக்கி, மேலே எலுமிச்சை நுரையிட்ட தட்டுதான். பரிமாறுபவர் அதை நன்றாகக் கலந்து சாப்பிடச் சொல்வார். அழகாக இருக்கிறதே என்று ஓரமாகக் கொறித்தால் அந்த உணவு உங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்றே சொல்ல வேண்டும்.

மீன் உணவு இரண்டு மரபுகளின் திறமையும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம். ஜப்பானிய மீனவர்கள் மீனைப் பிடித்தவுடன் மூளையில் குத்தி, இரத்தத்தை வடித்து, முதுகுத்தண்டில் கம்பி செலுத்தும் இகெஜிமே என்ற முறையைக் கையாளுகிறார்கள். துடிதுடித்துச் சாகாத மீனின் தசையில் ஆற்றல் சேமிப்பு அழியாமல் இருப்பதால் விறைப்பு தாமதமாக வருகிறது; அந்தச் சேமிப்பே நாட்கள் செல்லச்செல்ல இனோசினேட்டாக மாறிச் சுவை கூட்டுகிறது. இப்படி வந்த மீனைப் பிரெஞ்சுக் கை வெண்ணெய் சாஸோடு இணைக்கும். அமாதாய் மீனைச் செதிலோடு வைத்து, சூடான எண்ணெயை ஊற்றிச் செதில்கள் மலர்ந்து மொறுமொறுக்கச் செய்யும் உணவு இத்தகைய இடங்களில் அடிக்கடி வரும். அந்தச் செதில் உண்பதற்கே; ஒதுக்கி வைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1989 முதல் 2024 வரை நடந்த தெட்சுயா உணவகத்தை உலகறியச் செய்ததும் ஒரு மீன் உணவே: தாஸ்மானியாவின் கடல் டிரவுட் மீனை எண்ணெயில் மிகக் குறைந்த வெப்பத்தில் பதமாக்கி, மேலே கோம்புத் தூளைப் பூசித் தந்தார் தெட்சுயா வகுதா. கொழுப்பில் மெல்லப் பதமாக்குவது வாத்துக்காகப் பிரான்ஸ் கண்ட முறை. மீனைப் பச்சைக்கும் வெந்ததற்கும் நடுவே நிறுத்திவைக்கும் துணிவை ஜப்பான் தந்தது.

இறைச்சித் தட்டில் வாக்யூ என்னும் கொழுப்பு மிகுந்த ஜப்பானிய மாட்டிறைச்சி வந்தால் அளவு சிறிதாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். ஏ5 என்ற தரக்குறியில் எழுத்து, உடலிலிருந்து கிடைக்கும் இறைச்சியின் விகிதத்தையும், எண் அதன் தரத்தையும் குறிக்கிறது. ஐந்தாம் தரத்துக்குக் கொழுப்புப் பரவல் பன்னிரண்டில் எட்டு புள்ளியேனும் இருக்க வேண்டும். அவ்வளவு கொழுப்புள்ள இறைச்சி சில துண்டுகளுக்கு மேல் திகட்டிவிடும். உண்மையைச் சொன்னால், ஏ5 என்ற குறி பட்டியலில் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதை நான் ஒரு சிறப்பாகக் கருதுவதில்லை. புறாவையோ வாத்தையோ அதன் எலும்புச் சாற்றோடும் சான்ஷோ மிளகின் மரத்துப்போகும் காரத்தோடும் சரியாகச் சமைப்பது, விலையுயர்ந்த வாக்யூவை வாட்டி வைப்பதைவிடக் கடினமான வேலை.

இறைச்சிக்குப் பின் சில இடங்களில் பிரெஞ்சு முறைப்படி பாலாடைக்கட்டி வரும். வேறு சில இடங்களில் ஜப்பானிய முறைப்படி மண்பானையில் வடித்த சோறு வரும். இனிப்புகளில் சர்க்கரை குறைவாக இருப்பதை எதிர்பாருங்கள். மாட்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூள், வறுத்த ஹோஜிசா தேயிலை, கருப்பு எள் ஆகியவை பிரெஞ்சு இனிப்பு நுட்பங்களோடு மிக இயல்பாகப் பொருந்தும். பாரிஸில் மாட்சா எக்லேரால் பெயர்பெற்ற சதஹாரு அவோகியும், 1998-இல் தம் பெயரிலான முதல் கடையை டோக்கியோவில் திறந்த பிரெஞ்சுக்காரர் பியேர் எர்மேவும் இதற்குச் சான்றுகள்.

பானங்களில் ஒரு செய்தியை மட்டும் நினைவில் வையுங்கள். கடல் உணவோடு சிவப்பு ஒயின் குடிக்கும்போது சில வேளைகளில் எழும் மீன்வாடைக்குக் காரணம் ஒயினில் உள்ள இரும்பு அயனிகள். பச்சை மீனும் சிப்பியும் நிறைந்த உணவு வரிசைக்கு ஷாம்பெயினும் சப்லி என்னும் வெள்ளை ஒயினும் பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜப்பானிய அரிசி மதுவான சாகேயில் புளிப்பு குறைவு, அமினோ அமிலங்கள் அதிகம். தாஷி அடிப்படையிலான உணவோடு அது முரண்படுவது அரிது. மது அருந்தாதவர் தண்ணீரோடு நின்றுவிட வேண்டியதில்லை. 50 முதல் 60 டிகிரி நீரில் மெல்ல இறக்கிய கியோகுரோ என்னும் பச்சைத் தேநீர் தாஷிக்கு நிகரான உமாமி கொண்டது. தேநீரும் பழச்சாறும் கொண்ட மதுவற்ற பான வரிசையைப் பல உணவகங்கள் இப்போது உணவுக்கேற்பத் தருகின்றன. முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

முன்பதிவு என்றதும், அதிலேயே கூற வேண்டிய மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எதை உண்பதில்லை என்பதைச் சில நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவியுங்கள். மேசையில் அமர்ந்தபின் சொன்னால் சமையலறையால் ஒன்றும் செய்ய இயலாது, ஏனெனில் சாறுகள் முதல் நாளே தயாராகிவிட்டிருக்கும். சைவ உணவு உண்பவர்கள் ‘இறைச்சியும் மீனும் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறித் தட்டில் ஊற்றிய தெளிந்த சாறு சூரை மீனிலிருந்து வந்ததாக இருக்கலாம். இனிப்பை உறையவைத்த ஜெலட்டின் விலங்கிலிருந்து வந்தது. காளானோடு வரும் பளபளப்பான சாஸ் கன்றின் எலும்புச் சாறாக இருக்கலாம். சில பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பை நொதியால் உறையவைக்கப்படுபவை. இவற்றின் பெயரைக் குறிப்பிட்டே எழுதுங்கள். மாற்று வழி இல்லாத நிலையல்ல இது: கோம்புவும் உலர்ந்த ஷிதாகே காளானும் சேர்ந்த தாஷி முழுச் சைவமானது, காளானில் உள்ள குவானிலேட் சூரை மீனின் இனோசினேட் செய்யும் வேலையையே செய்கிறது. ஜப்பானின் ஜென் மடங்களில் ஷோஜின் என்ற சைவச் சமையல் மரபு பல நூற்றாண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. பாரிஸில் அலேன் பசார் 2001-இலேயே தம் மூன்று நட்சத்திர உணவகத்தின் பட்டியலிலிருந்து செவ்விறைச்சியை நீக்கிக் காய்கறியை மையமாக்கினார். இரு மரபுகளிலும் ஆதாரம் இருப்பதால், போதிய அவகாசம் கொடுத்தால் நல்ல சமையலறை உங்களுக்காக முழு வரிசையையும் மாற்றியமைக்கும். மறுமொழி தயக்கத்தோடு வந்தால் அந்த உணவகத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

பொதுவான சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதைக் குளுட்டன் ஒவ்வாமை உள்ளவர்கள் மறக்கக் கூடாது. மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, சாகே, ஒயின் ஆகியவை சாஸ்களில் சாதாரணமாகச் சேர்க்கப்படும் என்பதால், மது அறவே கூடாதவர்களும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் பச்சை மீன், பச்சைச் சிப்பி, காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்கு மாற்று கேட்கலாம். அப்படிக் கேட்பது அங்கே வழக்கமான ஒன்றுதான்.

அன்று கடுமையான வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளாதீர்கள். யுசுவின் மணத்தையும் தாஷியின் ஆவியையும் நம்பி அமைந்த உணவில் அது உங்களுக்கும் பக்கத்து இருக்கையினருக்கும் இழப்பு. ஜப்பானில் பல உணவகங்கள் இதை வெளிப்படையாகவே வேண்டிக்கொள்கின்றன. குறித்த நேரத்துக்குச் செல்லுங்கள், ஏனெனில் எல்லா மேசைகளுக்கும் ஒரே வேளையில் உணவு தொடங்கும் இடங்கள் உண்டு. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத்தொகையும் வசூலிக்கப்படலாம்.

மேசை நாகரிகம் பற்றிய அச்சம் தேவையற்றது. முள்கரண்டியும் கத்தியும் வெளியிலிருந்து உள்நோக்கி எடுக்கப்படும். சாப்ஸ்டிக் வைத்திருந்தால் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றுவதும் மட்டும் கூடாது. இரண்டும் ஜப்பானில் இறுதிச்சடங்கோடு தொடர்புடையவை. மூடியிட்ட அரக்குக் கிண்ணம் வந்தால் மூடியைத் திறந்து முதலில் மணத்தை உள்வாங்குங்கள், பிறகு இரு கைகளாலும் கிண்ணத்தைத் தூக்கி அருந்துங்கள், அது முறையானதே. பீங்கான் தட்டைத் தூக்கக் கூடாது என்பது பிரெஞ்சுப் பக்கத்து வழக்கம். அதில் எஞ்சும் சாஸை ரொட்டித் துண்டால் ஒற்றி உண்பதைச் சமையலறை மகிழ்ச்சியோடுதான் பார்க்கும். படம் எடுக்கலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, ஃப்ளாஷ் இல்லாமல் விரைவாக எடுங்கள். வசாபியும் யுசுவும் உங்கள் கேமராவுக்காகக் காத்திருக்காது.

சேவைப்பணம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் அன்பளிப்புப் பணம் வைக்கும் வழக்கம் இல்லை. உயர்தர உணவகங்களில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை சேவைக் கட்டணமும் பத்து சதவீத நுகர்வு வரியும் ரசீதில் சேரலாம். பிரான்சில் பட்டியல் விலையிலேயே சேவை அடங்கியிருக்கும். பானங்களின் விலை உணவின் விலையை எட்டிவிடக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்ற கேள்விக்கு, உணவகத்தைப் பொறுத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. எல்லாவற்றின் மீதும் டிரஃபிள் காளான் சீவல், மீன் முட்டை, தங்க இழை ஆகியவற்றைத் தூவும் இடத்தில் நீங்கள் செலுத்துவது பொருளின் விலையை. அந்தப் பொருள்களை வேறெங்கும் வாங்கிவிடலாம். ஸ்டேக்கின் மேல் டெரியாக்கி சாஸை ஊற்றுவதும், பிரெஞ்சு இனிப்பின் மேல் மாட்சாத் தூளைத் தூவுவதும் இரு சமையல்களின் இணைப்பாகிவிடாது. பட்டியலைப் பார்க்கும்போது பருவத்தின் அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் மாறாத பட்டியல் இரண்டு மரபுகளுக்கும் உண்மையாக இல்லை. சமையற்கலைஞர் இரண்டு சமையலில் ஒன்றையேனும் அதன் மண்ணில் பல ஆண்டுகள் கற்றவரா என்று பாருங்கள். பரிமாறுபவரிடம் ‘இந்தச் சாறு எதிலிருந்து வந்தது?’ என்று கேளுங்கள். தயங்காமல் விளக்கமான விடை வருமானால், அங்கே நீங்கள் செலுத்துவது பல ஆண்டுப் பயிற்சிக்கும் பல மணி நேர உழைப்புக்கும் உரிய விலை, அது தகும் என்பதே என் உறுதியான கருத்து.

முதல் முறை என்பதால் இரவு உணவைவிட மதிய உணவைத் தேர்ந்தெடுக்கலாம். பல உணவகங்களில் மதியத்தில் உணவுகளின் எண்ணிக்கை குறைவு, விலையும் கணிசமாகக் குறைவு; சமைக்கும் கை பெரும்பாலும் ஒன்றே. இருவர் மட்டும் போவதாக இருந்தால் சமையல் மேடையை ஒட்டிய இருக்கை காலியாக உள்ளதா என்று கேளுங்கள், வெண்ணெயைத் தாஷியில் அடித்துச் சேர்ப்பதை நேரில் பார்க்க முடியும். நால்வருக்கு மேல் என்றால் மேடை வேண்டாம், ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. தனி மேசையே கேளுங்கள்.